எங்க தெருவுல பிளாட்பாரம் வேணாம்னு கையெழுத்து வாங்குறாங்க, எப்படி பேசுறது?

வாசுகி_மூணாவது_தெரு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருசா எழுதுறேன், பொறுமையா படிங்க. ஊர் பேரு வேணாம், தமிழ்நாட்டுல ஒரு மாநகராட்சிக்குள்ள இருக்குற நகர். எங்க தெரு 40 அடி ரோடு, ஒரு முனையில ஸ்கூல், இன்னொரு முனையில பஸ் ஸ்டாப், நடுவுல ஒரு 400 மீட்டர் இருக்கும். ரெண்டு பக்கமும் பிளாட்பாரம் போடப்போறதா சொல்லி போன மாசம் ஆளுங்க வந்து வெள்ளைக் கோடு போட்டுட்டு போனாங்க. கோடு போட்ட அன்னிக்கு ராத்திரியே சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல ஆரம்பிச்சிடுச்சு. கார எங்க நிறுத்துறது, கேட்டுக்கு முன்னாடி இருக்குற சறுக்க இடிச்சிடுவாங்க, கடை போட்டுடுவாங்க, ராத்திரி எவனாவது வந்து குடிச்சிட்டு படுப்பான், வாசல் தெளிச்சு கோலம் போட இடம் இருக்காது, இப்படி வரிசையா. மூணு நாள்ல மனு தயார். 67 வீட்டுல 41 வீடு கையெழுத்து போட்டாச்சு, இப்ப எங்க வீட்டுக்கு வந்திருக்கு, டேபிள் மேல தான் கிடக்கு.

எங்க அம்மாவுக்கு 74 வயசு, இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆயி வாக்கர் வச்சு நடக்குறாங்க. தினமும் சாயங்காலம் பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிட்டு வரணும், அது அவங்களுக்கு டாக்டர் சொன்னதுக்காக மட்டும் இல்ல, அங்க போனாதான் நாலு பேர பாத்து பேச முடியும். எங்க வீட்லேந்து கோயில் வரைக்கும் தெரு ஓரமா 11 கார் நிக்குது, நான் எண்ணியிருக்கேன். ஒவ்வொரு கார் வந்ததும் அம்மா வாக்கர தூக்கி தூக்கி வச்சு நடு ரோட்டுக்கு வரணும், அத சுத்திக்கிட்டு திரும்ப ஓரத்துக்கு போகணும், பின்னாடி ஸ்கூல் வேன் ஆரன் அடிச்சிக்கிட்டே நிக்கும். போக 11 தடவ, வர 11 தடவ. கூட போறப்ப எனக்கு நெஞ்சு அடிச்சிக்கும்.

கையெழுத்து போட எனக்கு மனசு இல்ல. ஆனா இவங்க யாரும் கெட்டவங்களும் இல்ல. அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப எதிர் வீட்டு மாமாதான் ராத்திரி ரெண்டு மணிக்கு கார் எடுத்தாரு, இப்ப அவர் கார் நிக்கிற இடத்துலதான் கோடு போயிருக்கு. நான் கையெழுத்து போடலேன்னா அது அவருக்கு எதிரா போட்ட மாதிரி ஆயிடும். இதெல்லாம் அனுபவிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, என்ன பேசுறது, யார்கிட்ட பேசுறது?

ரிட்டயர்டு_ஓவர்சியர்:

வாசுகிம்மா, 31 வருஷம் ரோடு வேலையில இருந்தவன் சொல்றேன். முதல்ல யார்கிட்டயும் வேணும் வேணாம்னு பேசாதீங்க. வார்டு ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர் ஆபீஸ்க்கு போயி டிராயிங் கேளுங்க, குறுக்கு வெட்டு படம்னு கேளுங்க, அதுலதான் அகலம், உயரம், வடிகால் எங்க வருது எல்லாம் இருக்கும். குடுக்கலேன்னா தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போடுங்க. உங்க தெருவுல 41 வீடு கையெழுத்து போட்டதுல ஒருத்தராவது டிராயிங் பாத்திருப்பாங்களா? பாக்காம மனசுல ஒண்ண கற்பனை பண்ணிக்கிட்டு பயப்படுறாங்க, அது அவங்க தப்பும் இல்ல, யாரும் கொண்டு வந்து காட்டல.

இப்ப கணக்கு பாருங்க. 40 அடின்னா 12.2 மீட்டர். இந்திய சாலை காங்கிரஸ் வழிகாட்டியில நடக்குறதுக்கு தடையே இல்லாம குறைஞ்சது 1.8 மீட்டர் விடணும், அதாவது ஆறடி, ரெண்டு சக்கர நாற்காலி எதிரெதிரா போற அகலம். ரெண்டு பக்கமும் சேத்து 3.6 போச்சுன்னா மிச்சம் 8.6 இருக்கு. அதுல ஒரு பக்கம் 2 மீட்டர் கார் நிறுத்த ஒதுக்கினாலும் 6.6 மீட்டர் ஓடுறதுக்கு இருக்கு, ரெண்டு பக்கமும் வண்டி தாராளமா போகும். ஆக கார் நிறுத்தவே முடியாதுங்கறது இல்ல, ரெண்டு பக்கமும் நிறுத்த முடியாது, அவ்வளவுதான். இதை நீங்க மறைக்காம சொல்லணும், பாதி பேரு வண்டிய உள்ள ஏத்தணும் இல்லன்னா எதிர்ப்பக்கம் நிறுத்தணும். நீங்களே தெருவுல நின்னு 8.6 மீட்டர டேப் புடிச்சு காட்டுங்க, சொல்றத விட காட்டறது நல்லது. ஆனா 40 அடின்னு பேப்பர்ல இருக்குறது தரையில இருக்கான்னு முதல்ல அளந்துக்கோங்க, காம்பவுண்டு சுவரு ஒரு அடி ரெண்டு அடி முன்னாடி வந்திருக்குற தெருவ நான் நிறைய பாத்துட்டேன்.

முக்கியமா பாக்க வேண்டியது உயரம். 15 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது. ஆனா நம்ம ஊர்ல மழைநீர் வடிகால கட்டி அது மேல மூடிய போட்டு அதையே பிளாட்பாரம்னு விட்டுடறாங்க, அது ஒரு அடி ஒன்றரை அடி உயரத்துல போயி நிக்கும். அப்புறம் ஒவ்வொரு கேட்டுக்கும் எறக்கி ஏத்தணும், 67 வீடுன்னா 67 பள்ளம், ஒட்டகத்து முதுகு மாதிரி. உங்க அம்மா வாக்கர வச்சிக்கிட்டு அதுல ஏறவே முடியாது, கீழ ரோட்லதான் நடப்பாங்க, காசும் போச்சு இடமும் போச்சு. சரியான முறை என்னன்னா பிளாட்பாரம் கேட்டு முன்னாடியும் அதே மட்டத்துல போகணும், கார் ஏறுறதுக்கு ரோட்டு ஓரத்துல மட்டும் சின்னதா சரிவு. அதனால பிளாட்பாரம் வேணுமா வேணாமான்னு சண்டை போடுறத விட எத்தன சென்டிமீட்டர்னு சண்டை போடுங்க.

இன்னொண்ணு. சென்னை பாண்டி பஜார்ல 2019 நவம்பர்ல அந்த நடைபாதை வளாகம் திறந்தாங்களே, அதுக்கு முன்னாடி வியாபாரிங்க பார்க்கிங் போச்சுன்னா வியாபாரம் போச்சுன்னு ரொம்ப பயந்தாங்க. கட்டறதுக்கு முன்னாடியே தடுப்ப வச்சு ஜனங்கள நடக்க விட்டு சோதனை பண்ணிப் பாத்தாங்க. உங்க தெருவுக்கு அவ்வளவெல்லாம் வேணாம், ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கயிறு கட்டிப் பாருங்க, போதும்.

முதல்மாடி_குமார்:

நான் எதிர்த்து கையெழுத்து போட்டவன். இந்த ஊர் இல்ல, நான் முன்னாடி இருந்த ஏரியாவுல. ஏன் போட்டேன்னு சொல்றேன், கோவப்படாம கேளுங்க.

எங்க தெருவுல வடிகாலுக்குன்னு தீபாவளிக்கு முன்னாடி தோண்டினாங்க, ரெண்டு மாசம்னு சொன்னாங்க, பொங்கல் முடிஞ்சும் பள்ளம் அப்படியேதான் இருந்துச்சு. வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஆறடி பள்ளம், அதுல முறுக்கு கம்பி நட்டுக்கிட்டு நிக்குது, தாண்டறதுக்கு சென்ட்ரிங் பலகை ஒண்ணு. எங்கப்பா பால் வாங்க போனவரு மழையில பலகை வழுக்கி விழுந்தாரு. கம்பி மேல விழல, அது ஒண்ணுதான் எங்க அதிர்ஷ்டம். அந்த அஞ்சு மாசமும் சிலிண்டர்காரர் தெரு முனையிலயே வச்சிட்டு போயிடுவாரு, தண்ணி லாரி உள்ள வராது, பக்கத்து வீட்டு கர்ப்பிணி பொண்ண நாங்க நாலு பேரு சேர்ல உக்கார வச்சு தூக்கிட்டு போனோம். அந்த கான்ட்ராக்டர் எங்க போனாருன்னு யாருக்கும் தெரியல.

அதுக்கு முன்னாடி ரோடு கதை. பழைய ரோட்ட சுரண்டாம மேலயே போட்டு மேலயே போட்டு எங்க வீடு ரோட்ட விட ஒன்றரை அடி கீழ போயிடுச்சு. 2021ல இறையன்பு தலைமைச் செயலாளரா வந்ததும் பழைய தார சுரண்டி எடுத்துட்டுதான் புதுசு போடணும்னு உத்தரவே போட்டாரு, அந்த பிரச்சனை எவ்வளவு பெருசுன்னு அதுலயே தெரியும். ஆனா எங்க வீடு அதுக்கு முன்னாடியே பள்ளத்துல இறங்கிடுச்சு, ஒவ்வொரு மழைக்கும் ஹால்ல தண்ணி. அப்புறம் ஒருத்தர் வந்து பிளாட்பாரம் போட்டு வாசல இன்னும் அரை அடி தூக்கப்போறோம்னா நான் எப்படி சந்தோஷப்படுவேன்? நடக்குறவங்க மேல எனக்கு என்ன கோவம், நானும் நடக்குறவன்தான். தோண்டினா மூடுவாங்கன்னு நம்பிக்கை இல்ல, அதுதான் விஷயம்.

நீங்க போயி பேசறப்ப பிளாட்பாரத்தோட நன்மை பத்தி பேசாதீங்க, எல்லாருக்கும் தெரியும் அது. எப்ப ஆரம்பிப்பாங்க, எப்ப முடிப்பாங்க, ஒரே நேரத்துல தெரு முழுக்க தோண்டுவாங்களா இல்ல 50 மீட்டர் முடிச்சிட்டு அடுத்த 50 போவாங்களா, மழைத்தண்ணி வீட்டுப் பக்கம் சரியுமா ரோட்டுப் பக்கம் சரியுமா, இதுக்கு எழுத்துல பதில் வாங்கிக் குடுங்க. அந்த மாதிரி ஒருத்தர் எனக்கு வாங்கிக் குடுத்திருந்தா நானே பேனாவ கீழ வச்சிருப்பேன்.

வெள்ளைக்கோல்_நடராஜன்:

எனக்கு பார்வை கிடையாது, ஸ்கிரீன் ரீடர் வச்சு படிக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சிடுங்க.

நிக்கிற வண்டின்னு எல்லாரும் சுலபமா சொல்றாங்க, அது எனக்கு என்னன்னு சொல்றேன். கோல் தரையில தட்டிக்கிட்டே போகும். பைக்கோட ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்குற இடைவெளியில கோல் நுழைஞ்சிடும், வழி இருக்குன்னு நினைச்சு அடி வைப்பேன், ஹேண்டில்பார் வந்து வயித்துல குத்தும். மினி லாரின்னா இன்னும் மோசம், கோல் கீழ போயிடும், பின்பக்க கதவு முகத்துக்கு நேரா இருக்கும். என் மூக்குல இருக்குற தழும்பு அப்படி வந்ததுதான். பிளாட்பாரம்னு ஒண்ணு இருந்தா அதோட விளிம்புல வைக்கிற கெர்ப் கல்லு ஓரம்தான் எனக்கு சுவரு மாதிரி, அத தட்டிக்கிட்டே நேரா போயிடுவேன், யாரையும் கைபிடிச்சு கூட்டிட்டு போகச் சொல்ல வேண்டாம்.

2022ல இந்தியா முழுக்க ரோட்ல செத்தவங்க 1,68,491 பேரு, அதுல 32,825 பேரு நடந்து போனவங்கன்னு ஒன்றிய அரசோட அறிக்கையே சொல்லுது. 2025 மே மாசம் உச்ச நீதிமன்றமும் நல்ல நடைபாதை இருக்கறது அரசியல் சட்டம் 21வது பிரிவுல வர்ற உரிமைன்னு சொல்லி, மாநிலங்கள் வழிமுறை வகுக்கணும்னு உத்தரவு போட்டிருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லயே வந்தாச்சு. சட்டம் உங்க பக்கம்தான் இருக்கு. ஆனா அத எதிர் வீட்டு மாமாகிட்ட முதல் நாளே நீட்டாதீங்க, ஆபீஸ்ல காட்டுங்க.

ஒரு வேண்டுகோள். தொட்டு உணர்ற மஞ்சள் ஓடு பதிப்பாங்க இல்லையா, கோடு கோடா இருந்தா நேரா போகலாம்னு அர்த்தம், புள்ளி புள்ளியா இருந்தா நில்லு, முன்னாடி ஏதோ இருக்குன்னு அர்த்தம். நான் போற ஒரு ரோட்ல அந்த கோடு நேரா போயி மின்சாரப் பெட்டியில முட்டுது. பதிக்கிற அன்னிக்கு யாராவது ஒருத்தர் கூட நின்னு பாருங்க. முடிஞ்சா எங்க ஆளு ஒருத்தர கூப்பிட்டு நடக்க வைங்க, அஞ்சு நிமிஷத்துல தப்பு தெரிஞ்சிடும்.

நியூஜெர்சி_மீனா:

இங்கயும் இதே சண்டைதான், நம்ப மாட்டீங்க. எங்க டவுன்ல ஸ்கூலுக்கு போற ரோட்ல சைடுவாக் போடலாம்னு மீட்டிங் வச்சாங்க, வந்தவங்கள்ல பெரும்பாலும் வேணாம்னு சொல்ல வந்தவங்க. முன்பக்க புல்வெளி போயிடும், 40 வருஷ மேப்பிள் மரத்த வெட்டணும், தெரியாதவங்க ஜன்னல் பக்கத்துல நடப்பாங்க, பனி பெஞ்சா வீட்டுக்காரங்கதான் வாரணும், உடைஞ்சா ரிப்பேரும் நம்ம தலையில. கடைசி ரெண்டும் இங்க பல டவுன்ல உண்மைதான், அதனால வயசானவங்க எதிர்க்கிறது எனக்கு புரிஞ்சது. அவங்க சொந்தம்னு நினைச்ச புல்வெளியோட முன் சில அடி டவுனோட ரைட் ஆஃப் வே, அதாவது பொது வழிக்குன்னு ஒதுக்கின இடம்னு பல பேருக்கு அன்னிக்குதான் தெரிஞ்சுது.

எனக்கு மனசுல நின்னது வேற. சாயங்காலம் ஏழு மணி மீட்டிங், அந்த ரோட்ல தினமும் நடக்குறவங்க ஒருத்தர் கூட அங்க இல்ல. வீட்டு வேலைக்கு வர்றவங்க, பஸ்ல வந்து இறங்குற கடை ஆளுங்க, ஸ்கூல் பசங்க, யாருக்கும் அந்த நேரம் முடியாது. வாசுகி, உங்க 67 வீட்டுலயும் வேலை பாக்குற அக்காங்க எத்தன பேரு, அவங்க கையெழுத்து எங்க?

இஸ்திரி_வண்டி_மகன்:

எங்கப்பா 26 வருஷமா ஒரு தெருவுல இஸ்திரி வண்டி போட்டிருக்காரு. பிளாட்பாரம் வந்தா முதல்ல போறது எங்க வண்டி, பூக்கார அம்மா, பழ வண்டி. கடை போட்டுடுவாங்கன்னு பயப்படுறாங்கன்னு எழுதியிருக்கீங்க, அந்த கடை நாங்கதான், எங்ககிட்ட தான் துணி குடுக்குறாங்க. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அப்பாகிட்ட அடையாள அட்டை இருக்கு. மரத்து நிழல் விழற வரிசையில வண்டிக்குன்னு ஒரு இடம் டிராயிங்லயே குறிச்சிட்டா நடக்குற இடத்துல நாங்க ஏன் நிக்கப்போறோம். உங்க தெருவுலயும் யாராவது இருப்பாங்க, அவங்களையும் கேளுங்க அக்கா.

வாசுகி_மூணாவது_தெரு:

எல்லாருக்கும் நன்றி, மூணு வாரம் கழிச்சு வர்றேன். நிறைய நடந்துடுச்சு.

ஓவர்சியர் ஐயா சொன்னபடி டிராயிங் கேட்டேன், ரெண்டு நாள் அலைய விட்டாங்க, மூணாவது நாள் ஏ.இ. மேடமே போட்டோ எடுத்துக்கோங்கன்னு காட்டினாங்க. உயரம் 30 சென்டிமீட்டர்! ஐயா சொன்னது அப்படியே இருந்துச்சு. நான் சங்கத்து செக்ரட்டரிகிட்ட அதைக் கொண்டு போயி, சார் நீங்க எதிர்க்கிறதுல ஒரு பாதி சரிதான், இந்த உயரத்துல போட்டா உங்க காரும் ஏறாது எங்கம்மாவும் ஏற மாட்டாங்கன்னு சொன்னேன். அவர் அதை எதிர்பாக்கல. உக்காரச் சொல்லி காபி குடுத்தாரு. அதுக்கு முந்தின வாரம் நான் வந்தப்ப கேட்டுக்கு வெளியவே நின்னு பேசிட்டு அனுப்பினவரு.

ஞாயித்துக்கிழமை காலைல 7லேந்து 10 வரைக்கும் கோயில் பக்கத்து 60 மீட்டர்ல கயிறு கட்டினோம், அங்க இருக்குற வண்டிய எல்லாம் எடுக்கச் சொல்லி கெஞ்சிதான் கேட்டோம், ரெண்டு கார் எடுக்கல. இருந்தாலும் மத்த இடத்துல ஆறடி தெளிவா கிடைச்சுது. அம்மா வாக்கரோட வந்தாங்க. வாக்கர தூக்கவே இல்ல, தள்ளிக்கிட்டே போனாங்க, நடுவுல நின்னு திரும்பிப் பாத்தாங்க, பின்னாடி வண்டி வருதான்னு. வழக்கம். வண்டி கயிறுக்கு அந்தப்பக்கம் போயிட்டு இருந்துச்சு. மூணாவது வீட்டு அக்கா வாசல்ல நின்னு பாத்துட்டு எங்க மாமியாரையும் கூட்டிட்டு வரவான்னு கேட்டு கூட்டிட்டு வந்தாங்க, அந்த அம்மாவ நான் ரெண்டு வருஷமா வெளியவே பாத்ததில்ல.

குமார் சார், உங்க பதிவ பிரிண்ட் எடுத்து செக்ரட்டரிக்கு குடுத்தேன், ரொம்ப நேரம் படிச்சாரு. இப்ப மனுவ மாத்தி எழுதியிருக்கோம். வேணாம்னு இல்ல. உயரம் 15 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், 50 மீட்டர் 50 மீட்டரா தோண்டணும், முடிக்கிற தேதி போர்டுல எழுதி வைக்கணும், தண்ணி ரோட்டுப் பக்கம் சரியணும், நாலு புங்க மரத்துக்கும் வேர சுத்தி மண்ணு விடணும், கிழக்குப் பக்கம் கார் நிறுத்தலாம், இஸ்திரி அண்ணன் வண்டிக்கு மரத்தடியில இடம். கோலத்துக்கு ஒரு அக்கா தான் வழி சொன்னாங்க, கேட்டு முன்னாடி மட்டும் பேவர் பிளாக் இல்லாம வழவழன்னு கல்லு பதிக்கச் சொல்லி, அதுல மாவு நல்லா நிக்குமாம். ஸ்கூல் பெற்றோர் 38 பேரு, வீட்டு வேலை பாக்குற அக்காங்க 14 பேரு தனியா கையெழுத்து போட்டிருக்காங்க, மீனா சொன்னதுக்கப்புறம்தான் எனக்கு அது தோணிச்சு. பகுதி சபா கூட்டத்துல கவுன்சிலர்கிட்ட குடுக்கப்போறோம்.

முன்ன போட்ட 41 பேர்ல 29 பேரு புது மனுவுல போட்டாச்சு. எதிர் வீட்டு மாமா போடல. அவர் கார் மேற்குப் பக்கம், எடுக்கத்தான் வேணும். நான் போயி நேரா சொல்லிட்டேன், மாமா உங்க கார் இடம் போகும், அத நான் மறைக்கல, எங்க கேட்டுக்குள்ள ஒரு கார் நிக்க இடம் இருக்கு, எங்ககிட்ட கார் இல்ல, நீங்க அங்க நிறுத்துங்கன்னு. பாக்கலாம்மான்னு மட்டும் சொன்னாரு. நாளைக்கு காலைல எங்க கேட்ட அளந்து பாக்க வர்றேன்னு இருக்காரு.

ரிட்டயர்டு_ஓவர்சியர்:

நல்லா பண்ணியிருக்கம்மா. அளக்குறப்ப கேட்ட மூடி வச்சு மட்டும் அளக்காதீங்க, திறந்து வச்சும் அளங்க. வெளிப்பக்கம் திறக்குற கேட்டா இருந்தா அது பிளாட்பாரத்து மேல வந்து நிக்கும், இப்பவே கீல மாத்தி உள்பக்கம் திறக்குற மாதிரி வச்சிடுங்க. தெருவுல மத்த வீட்டுலயும் எத்தன கேட்டு வெளிப்பக்கம் திறக்குதுன்னு எண்ணி மனுவோட சேத்து குடுங்க. பகுதி சபாவுக்கு போறப்ப அந்த டிராயிங் போட்டோவ பெருசா பிரிண்ட் போட்டு எடுத்துட்டு போங்க, போன்ல காட்டினா யாருக்கும் தெரியாது.